சிறுநீர்ப்பையை எடுத்தபின் சிறுநீருக்கு எந்த வழி? அறுவை முறைகள் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசைச் சுவருக்குள் இறங்கிவிட்டது என்று பயாப்ஸியில் தெரிந்தால், பெரும்பாலும் பையை முழுவதுமாக எடுக்க வேண்டியிருக்கும். அதை டாக்டர் விளக்கி முடிப்பதற்குள் குடும்பத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அப்போ அதுக்கப்புறம் ஒண்ணுக்கு எப்படிப் போறது?" நியாயமான கேள்வி. பை போனாலும் இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீரை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு ஒரு புது வழி அமைத்துத் தருவதுதான் இந்த அறுவைச் சிகிச்சையின் பாதி வேலை. நோயாளியின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிப்பதும் அந்தப் பாதிதான்.

வழிகள் மூன்று வகை. ஒன்று, சிறுநீர் வயிற்றில் உள்ள ஒரு சிறு துவாரம் (ஸ்டோமா) வழியே தானாக வடிந்து, வெளியே ஒட்டியிருக்கும் பையில் சேர்வது. இரண்டு, குடலை வைத்து உள்ளேயே ஒரு புதுப் பை (நியோபிளாடர்) செய்து, பழைய வழியிலேயே சிறுநீர் கழிப்பது. மூன்று, உள்ளே பை, வெளியே அடைப்புள்ள சிறு துவாரம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் (கத்தீட்டர்) விட்டுக் காலி செய்வது. பலர் ஆலோசனைக்கு வரும்போதே "வெளியே பை மட்டும் வேண்டாம்" என்று முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். அந்த மனநிலை புரிகிறது. ஆனால் சிறுநீரகத்தின் பலம், புற்று இருக்கும் இடம், நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறன், இந்த மூன்றையும் பார்த்தபிறகு எடுக்கும் முடிவுதான் பத்து, இருபது வருடம் தாங்கும். அந்த முடிவுக்கு உதவத்தான் இதை எழுதுகிறேன்.

குடலை ஏன் தேடிப் போகிறார்கள்

இதற்கான முதல் முயற்சி 1852-ல் லண்டனில் நடந்தது. புனித தாமஸ் மருத்துவமனையில் ஜான் சைமன் என்ற அறுவை மருத்துவர், பிறவியிலேயே சிறுநீர்ப்பை வயிற்றுக்கு வெளியே திறந்திருந்த ஒருவருக்கு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைப் பைக்குக் கொண்டுவரும் சிறுநீரகக் குழாய்களை மலக்குடல் பக்கம் திருப்பிவிட்டார். அதன்பின் ஏறக்குறைய நூறு வருடம் இந்த வழிதான் பல வடிவங்களில் தொடர்ந்தது. பையும் வேண்டாம், துவாரமும் வேண்டாம், ஆசனவாய் வழியாகவே எல்லாம் போய்விடும் என்பது கேட்க வசதிதான். ஆனால் மலத்தில் உள்ள கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியது. பெருங்குடல் சிறுநீரில் உள்ள குளோரைடையும் அம்மோனியத்தையும் திரும்ப உறிஞ்சியதால் ரத்தத்தில் அமிலம் கூடியது. பல வருடம் கழித்து, குழாய் சேர்ந்த இடத்திலேயே பெருங்குடல் புற்று முளைத்ததும் உண்டு.

1950-ல் ஃபெரிஸ், ஓடெல் இருவரும் இந்த அமிலக் கோளாறை ஆராய்ந்து எழுதினார்கள். அதே வருடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த யூஜின் பிரிக்கர், சிறுகுடலின் ஒரு சிறு துண்டை வெறும் வடிகால் குழாயாக மட்டும் பயன்படுத்தும் முறையை விவரித்தார். சிறுநீர் அதில் தங்குவதில்லை, ஓடிவிடுகிறது. தங்காவிட்டால் உறிஞ்சலும் குறைவு. இலியல் காண்டூட் என்று இன்று சொல்லப்படுவது இதுதான். உலகம் முழுக்க இன்றும் அதிகமாகச் செய்யப்படுவதும் இதுதான்.

குடலைத் தவிர்த்துவிட்டு சிறுநீரகக் குழாய்களை நேராகத் தோலில் தைக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அவை மெல்லியவை. தோலில் தைத்த வாய் சுருங்கிக்கொள்ளும். அதனால் வழி அடையாமல் தாங்கும் மெல்லிய குழாயான ஸ்டென்ட்டை உள்ளே வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உடல் மிகவும் தளர்ந்து, குடலில் கை வைத்தால் தாங்க மாட்டார் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. மற்றவர்களுக்குக் குடல் துண்டுதான் தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறது.

முதல் படி: யாருக்கு எது

முதலில் பார்ப்பது சிறுநீரகம். உள்ளே பை வைத்தால் சிறுநீர் மணிக்கணக்கில் குடல் சுவரோடு ஒட்டி இருக்கும். அந்த நேரத்தில் உறிஞ்சப்படும் அமிலத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 2-க்கு மேல் இருந்தாலோ, வடிகட்டும் திறன் 40, 50-க்குக் கீழே போயிருந்தாலோ உள்பை பற்றி யோசிக்கக் கூடாது என்பதே பொதுவான எல்லை. ஒரு விஷயம்: கட்டி குழாயை அடைத்திருப்பதால் சிறுநீரகம் வீங்கி, கிரியாட்டினின் ஏறியிருக்கலாம். அடைப்பை நீக்கி, தற்காலிகமாக வடியவிட்டு, மறுபடி ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும். கல்லீரல் பெரிதாகக் கெட்டிருந்தாலும் உள்பை வேண்டாம். உறிஞ்சப்படும் அம்மோனியாவை அந்தக் கல்லீரலால் சமாளிக்க முடியாது.

அடுத்தது யூரித்ரா, அதாவது பையிலிருந்து வெளியே வரும் பாதை. புதுப் பையை அதோடுதான் இணைப்பார்கள். வெட்டிய விளிம்பில் புற்று இருந்தால் அந்த வழியே மூடப்பட்டுவிடும். ஆபரேஷன் நடக்கும்போதே விளிம்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து உறையவைத்துப் பார்ப்பார்கள். முடிவு தியேட்டருக்கு வர அரைமணி நேரம் போல ஆகும். நியோபிளாடர் என்று பேசி உள்ளே போனவர் காண்டூட்டோடு வெளியே வருவது இதனால்தான். அப்படி நடந்தால் டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அந்த வாய்ப்பை முந்தைய நாளே வீட்டாருக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கையும் கவனமும். புதுப் பை வைத்தவர் தேவைப்பட்டால் தானே குழாய் விட்டுக் காலி செய்ய வேண்டும். கை நடுக்கம், மங்கிய பார்வை, மறதி நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. வயதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை. எழுபத்தைந்து வயதில் கச்சிதமாகச் செய்பவரும் உண்டு, ஐம்பதில் நேரம் தவறிச் சிறுநீரை அடக்கிக் கிடப்பவரும் உண்டு. முன்பு அடிவயிற்றில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், குரோன்ஸ் போன்ற குடல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் கணக்கு மாறும்.

இரண்டாம் படி: ஸ்டோமா இடம் குறிப்பது

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நடக்கும் இந்தச் சின்ன வேலைக்கு நான் தரும் முக்கியத்துவத்தைப் பலர் தருவதில்லை. பத்து நிமிட வேலை. சரியாகச் செய்தால் வருடக்கணக்கில் நிம்மதி. தவறினால் பை ஒட்டாமல் ஒழுகி, தோல் வெந்து, மனிதர் வீட்டை விட்டு வெளியே வர யோசிப்பார்.

நோயாளியைப் படுக்கவைத்து மட்டும் குறிக்கக் கூடாது. படுத்தால் எல்லா வயிறும் தட்டைதான். கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்ல வேண்டும். அப்போது தொப்புளுக்குக் கீழே மடிப்பு எங்கே விழுகிறது என்று தெரியும். முன்னே குனியச் சொல்ல வேண்டும், நிற்கச் சொல்ல வேண்டும், தினமும் கட்டும் உடையைக் கட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வேட்டி முடிச்சு எங்கே வருகிறது, பாவாடை நாடா எந்த உயரத்தில் இறுகுகிறது, பேன்ட் பெல்ட் எங்கே அழுத்துகிறது என்று பார்த்து அந்தக் கோட்டைத் தவிர்க்க வேண்டும். வழக்கமாக வலப்பக்க அடிவயிற்றில், நடுவயிற்றுத் தசைக்குள்ளே வருகிற மாதிரி ஒரு புள்ளி. தசைக்கு வெளியே போனால் பின்னாளில் ஸ்டோமாவைச் சுற்றி ஹெர்னியா (குடல் பிதுக்கம்) வரும் வாய்ப்பு கூடும். பழைய தழும்பு, எலும்பு முனை, தொப்புள் ஆகியவற்றிலிருந்து பை ஒட்டும் அளவுக்குத் தள்ளி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இடம் அவருடைய கண்ணுக்கே தெரிய வேண்டும். தொப்பை பெரிதாக இருப்பவருக்கு மடிப்புக்குக் கீழே குறித்தால் அவரால் தன் ஸ்டோமாவைப் பார்க்கவே முடியாது. அவருக்குச் சற்று மேலே குறிக்க வேண்டும்.

முடிந்தால் குறித்த இடத்தில் ஒரு பையை ஒட்டி, பாதித் தண்ணீர் நிரப்பி, ஒருநாள் போட்டிருக்கச் சொல்லலாம். நியோபிளாடர் திட்டமிட்டவருக்கும் குறி வைத்தே ஆக வேண்டும். காரணம் மேலே சொன்னேன்.

மூன்றாம் படி: உடலைத் தயார் செய்வது

தசைவரை இறங்கிய புற்றுக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், முதலில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுத்துப் பிறகு ஆபரேஷன் செய்வது வழக்கம். சிகரெட், பீடியை அன்றே விட வேண்டும். இந்தப் புற்றுக்கு முக்கியக் காரணமே புகைதான்; காயம் ஆறுவதையும் அது கெடுக்கும். சிறுகுடலை மட்டும் பயன்படுத்துவதானால் முன்பு போலக் குடலைப் பேதி மருந்தால் கழுவ வேண்டிய அவசியமில்லை என்பது இன்றைய நடைமுறை. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசியை ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வாரம் வரை தொடரச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

நான்காம் படி: பையை எடுக்கும்போது

ஆணுக்குப் பையோடு புராஸ்டேட்டும் விந்துப் பைகளும் போகும். பெண்ணுக்குக் கர்ப்பப்பை, யோனியின் முன்சுவர் ஆகியவையும் வழக்கமாகப் போகும். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து இன்று சிலவற்றைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். கூடவே இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். தாம்பத்தியத்துக்கு வேண்டிய நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை.

வழி அமைக்கும் வேலைக்கு அடித்தளம் இங்கேதான் விழுகிறது. சிறுநீரகக் குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புத் திசுவில்தான் அதன் ரத்த ஓட்டம். அதைச் சுத்தமாக உரித்தெடுத்தால் குழாயின் நுனி பட்டினி கிடந்து, ஆறு மாதம் கழித்துச் சுருங்கும். இடப்பக்கக் குழாய் வலப்பக்கம் வர வேண்டும் என்பதால், பெருங்குடலின் கடைசி வளைவைத் தாங்கும் திசுவுக்கு அடியில் ஒரு சுரங்கம் போட்டுக் கொண்டுவருவார்கள். அதிகத் தூரம் இழுபடுவது அந்தக் குழாய்தான். பின்னாளில் சுருக்கம் அதிகம் வருவதும் இடப்பக்கத்தில்தான்.

ஐந்தாம் படி: இலியல் காண்டூட்

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வால்விலிருந்து 15 முதல் 20 செ.மீ. விட்டுவிட்டு, அதற்கு மேலே 15 முதல் 20 செ.மீ. நீளத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். கடைசிப் பகுதியை விட்டுவைப்பதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் பி12, பித்த உப்பு இரண்டும் உறிஞ்சப்படுவது அங்கேதான். குடலுக்கு ரத்தம் வரும் திசுவைப் பின்னாலிருந்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரியும். துண்டுக்கு நல்ல ரத்தக் குழாய் சேர்ந்து வருகிற மாதிரி இரண்டு பக்கமும் வெட்டுவார்கள். துண்டு தனியாகிறது, ஆனால் அதன் ரத்த ஓட்டம் அறுபடுவதில்லை. மீதிக் குடலின் இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளராலோ கைத் தையலாலோ இணைத்துவிடுவார்கள். சாப்பாட்டுப் பாதை மறுபடி முழுமையாகிவிடும். தனியான துண்டு இந்த இணைப்புக்குக் கீழே வர வேண்டும். நடுவில் உள்ள இடைவெளியையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் குடல் அதற்குள் புகுந்து சிக்கும்.

துண்டின் எந்த முனை உள்ளே, எது வெளியே என்பதில் தவறக் கூடாது. குடல் ஒரே திசையில்தான் தள்ளும். அந்தத் தள்ளல் தோலை நோக்கி இருக்க வேண்டும். ஒரு முனையில் தையல் நூலால் அடையாளம் போட்டுவைப்பது இதற்காகத்தான்.

அடுத்தது சிறுநீரகக் குழாய்களை இணைப்பது. குழாயின் நுனியை நேராக வெட்டித் தைத்தால் வாய் சிறிதாகிவிடும். அதனால் பக்கவாட்டில் ஒன்றரை, இரண்டு செ.மீ. கீறி, வாயை அகலமாக்குவார்கள். பிரிக்கர் முறையில் இரண்டு குழாய்களும் துண்டின் பக்கச் சுவரில் தனித்தனியாகத் தைக்கப்படும். வாலஸ் முறையில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே அகன்ற வாயாக்கி, துண்டின் முனையில் தைப்பார்கள். வாலஸ் வேகமானது, வாயும் பெரிது. ஆனால் ஒரு பக்கம் புற்று மீண்டும் வந்தாலோ இணைப்பு அடைத்தாலோ இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து மாட்டும். பிரிக்கரில் அந்தச் சிக்கல் இல்லை. நூல் கரையக் கூடியதாக இருக்க வேண்டும். கரையாத நூலிலும் உள்ளே துருத்தும் ஸ்டேப்ளர் பின்னிலும் கல் படியும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு ஸ்டென்ட் விட்டு, துண்டு வழியாக வெளியே கொண்டுவருவார்கள். ஆபரேஷன் முடிந்து பார்க்கும் உறவினர்கள் பைக்குள் இரண்டு வண்ணக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவை இவைதான். ஒன்றிரண்டு வாரத்தில் எடுத்துவிடுவார்கள்.

கடைசியாக ஸ்டோமா. முன்தினம் குறித்த புள்ளியில் வட்டமாகத் தோலை எடுத்து, தசை உறையில் இரண்டு விரல் நுழையும் அளவு வழி செய்து, துண்டின் முனையை வெளியே இழுத்து, சட்டைக் கையை மடிப்பது போல வெளிப்புறமாக மடித்துத் தைப்பார்கள். இரண்டு, மூன்று செ.மீ. துருத்தி நிற்க வேண்டும். அழகுக்குத் தட்டையாக வைத்தால் சிறுநீர் பைக்குள் விழாமல் தோலுக்கும் ஒட்டுத் தகட்டுக்கும் நடுவில் கசியும். நல்ல ஸ்டோமா ஈரமாக, உதட்டின் உட்புறச் சிவப்பில் இருக்கும். அதற்கு வலி உணர்வு கிடையாது. துடைக்கும்போது ஓரிரு சொட்டு ரத்தம் கசிந்தால் கவலை வேண்டாம்.

ஆறாம் படி: நியோபிளாடர்

இதில் பல வடிவங்கள் உண்டு. ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹவுட்மன் செய்தது டபிள்யூ வடிவம்; அதற்கு 70 செ.மீ. அளவு குடல் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஊர்ஸ் ஸ்டூடர் 1980-களில் உருவாக்கிய முறையை இங்கே விரிவாகச் சொல்கிறேன், அதன் தர்க்கம் எளிதாகப் புரியும் என்பதால்.

வால்விலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. தள்ளி, சுமார் 55 முதல் 60 செ.மீ. சிறுகுடலைத் தனியாக்குவார்கள். இதில் கீழ்ப்பக்கம் 40 செ.மீ.க்குச் சற்று அதிகமான பகுதியை நீளவாக்கில், ரத்தக் குழாய் நுழையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, முழுவதும் கீறித் திறந்துவிடுவார்கள். குழாய் இப்போது ஒரு பட்டை. அதை யூ வடிவில் வைத்து, உள்பக்க விளிம்புகளைத் தைத்தால் அகலமான ஒரு தகடு கிடைக்கும். அந்தத் தகட்டைக் குறுக்காக மடித்து ஓரங்களைத் தைத்தால் உருண்டைப் பை.

ஏன் இத்தனை பாடு? குடலை அப்படியே குழாயாக வைத்தால் என்ன? குடல் சுவரின் வளையத் தசைகள் ஒன்றாகச் சுருங்கி அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தம் ஒரு பக்கம் சிறுநீரை ஒழுகவைக்கும், மறுபக்கம் சிறுநீரகத்தைத் தாக்கும். கீறித் திறந்து மடித்துத் தைத்தால் தசைகள் வெவ்வேறு திசையில் இழுப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டும். பையின் ஆரமும் கூடும். சுவரின் இழுவிசை அதேதான், ஆரம் பெரிது என்றால் உள் அழுத்தம் குறையும் என்பது லாப்லாஸ் விதி. அதே நீளக் குடலில் கொள்ளளவும் பல மடங்கு ஏறும். நியோபிளாடரின் உயிர்நாடி இந்த ஒரு கீறல்தான்.

மேல்பக்கம் மிஞ்சிய 15 செ.மீ. பகுதியைக் கீறாமல் குழாயாகவே விட்டுவிடுவார்கள். சிறுநீரகக் குழாய்கள் அதன் மேல்முனையில் சேரும். அந்தக் குழாயின் தள்ளல் பையை நோக்கியே இருப்பதால் சிறுநீர் திரும்பி ஏறுவது குறைகிறது. அப்புறம் பையின் அடியில், தையல் ஓரத்தில் இல்லாமல் மிகத் தாழ்ந்த இடத்தில், 8 முதல் 10 மி.மீ. அளவில் ஒரு துளை. அதை யூரித்ராவோடு ஆறு தையல் போட்டு இணைப்பார்கள். துளையைத் தாழ்ந்த இடத்தில் வைக்காவிட்டால் பை மடங்கி, சிறுநீர் கழிக்கச் சிரமப்படும். இணைப்பு ஆறும்வரை உள்ளே கத்தீட்டர்.

தொடக்கத்தில் இந்தப் பை 150 மி.லி. அளவுதான் பிடிக்கும். போகப்போக விரிந்து 400, 500 மி.லி. ஆகும். அப்படி விரிய வைப்பது நோயாளியின் வேலை, அதைப் பிறகு சொல்கிறேன்.

மற்ற வழிகள், சுருக்கமாக

யூரித்ராவைப் பயன்படுத்த முடியாது, ஆனால் வெளிப்பையும் வேண்டாம் என்றால் இந்தியானா பை போன்ற முறைகள் இருக்கின்றன. வலப்பக்கப் பெருங்குடலைத் திறந்து பையாக்கி, சிறுகுடல் வால்வையே அடைப்பானாகப் பயன்படுத்துவார்கள். பிரான்சின் மித்ரோஃபனோஃப் 1980-ல் விவரித்த முறையில் குடல்வால் அந்தச் சிறு வழியாகிறது; வாயைத் தொப்புளில் ஒளித்து வைக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டே ஆக வேண்டும். மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு மற்ற இரண்டையும் விட அதிகம். இதைப் பழகிய கைகள் உள்ள இடத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ரோபோ பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் ஒன்பது மையங்களில் செய்து 2022-ல் வெளியான ஐராக் (iROC) என்ற ஆய்வில், வழி அமைப்பதையும் ரோபோ மூலமே உள்ளே செய்தவர்கள், முதல் 90 நாட்களில் வீட்டில் நலமாக இருந்த நாட்கள் 82. திறந்த அறுவையில் 80. ரத்தம் உறைதலும் காயச் சிக்கலும் குறைந்தன. நல்லதுதான், ஆனால் வித்தியாசம் சிறிது. கருவியை விட, அந்த மருத்துவர் வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார் என்று கேட்பது பயன்.

ஏழாம் படி: ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்கள்

குடல் சில நாள் தூங்கும். எழுப்ப உதவுவது நடைதான். மறுநாளே எழுந்து நடக்கவைப்பார்கள். சூயிங்கம் மெல்லச் சொல்வதும் இதற்காகவே. சிறுநீரில் வெள்ளையாக நூல் நூலாக மிதப்பதைச் சீழ் என்று நினைக்க வேண்டாம். குடல் எங்கே வைத்தாலும் சளி சுரக்கும். நியோபிளாடரில் அந்தச் சளி கத்தீட்டரை அடைத்தால் பை வெடிக்கும் அளவுக்கு ஆபத்து. அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.லி. சலைனை (உப்புநீர்) சிரிஞ்சால் மெதுவாக உள்ளே விட்டு, திரும்ப இழுத்துக் கழுவுவார்கள். ராத்திரியிலும் இது நிற்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும் முன் துணைக்கு இருப்பவர் இதைத் தன் கையால் செய்து காட்ட வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து, சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து, கசிவில்லை என்று பார்த்தபின் கத்தீட்டரை எடுப்பார்கள்.

எடுத்த அடுத்த சில வாரங்களில் ஒரு சிக்கல் பதுங்கியிருக்கும். பசியின்மை, சோர்வு, குமட்டல், எடை குறைவு. வீட்டில் "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் ரத்தத்தில் அமிலம் கூடியதும் உப்பு இழப்பும்தான். ஒரு ரத்தப் பரிசோதனையில், அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட்டின் அளவு சொல்லிவிடும். சோடியம் பைகார்பனேட் மாத்திரையும் போதிய நீரும் உப்பும் கிடைத்தால் சில நாளில் ஆள் மாறிவிடுவார். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தவர்கள் இந்தக் காலத்தில் டாக்டரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

எட்டாம் படி: வெளிப்பையோடு வாழப் பழகுவது

பை மாற்ற நல்ல நேரம் விடிகாலை, காபி குடிக்கும் முன். அப்போதுதான் சிறுநீர் குறைவாக வரும். பழைய தகட்டை மேலிருந்து கீழாக, தோலை அழுத்திப் பிடித்தபடி மெல்ல உரியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எண்ணெய், பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் வேண்டாம், தகடு ஒட்டாது. சுருட்டிய காஸ் துணியை ஸ்டோமா வாயில் வைத்துக்கொண்டால் துடைக்கும் நேரத்தில் வடிவதை அது உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டோமாவின் அளவை அட்டையில் பார்த்து, அதைவிட இரண்டு, மூன்று மி.மீ. மட்டும் பெரிதாகத் துளை வெட்டுங்கள். முதல் ஆறு, எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கும். பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால் நடுவில் தோல் சிறுநீரில் ஊறும். ஒட்டியபின் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்து அழுத்தினால் உடல் சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும்.

மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வேர்க்கும் மாதங்களில் சற்று முன்னதாக மாற்ற வேண்டியிருக்கலாம். மூன்றில் ஒரு பங்கோ பாதியோ நிரம்பியதும் காலி செய்துவிடுங்கள், கனம் இழுத்தால் தகடு பெயரும். ராத்திரி இரண்டு லிட்டர் பையோடு குழாயில் இணைத்துவிட்டால் தூக்கம் கெடாது. ஸ்டோமாவைச் சுற்றி மணல் போல வெண்மையாகப் படிந்தால், பாதிக்குப் பாதி நீர் கலந்த வெள்ளை வினிகரில் துணி நனைத்துச் சிறிது நேரம் வைத்துத் துடையுங்கள், தண்ணீரையும் கூடுதலாகக் குடியுங்கள். குளிக்கலாம், கோயிலுக்குப் போகலாம், பஸ்ஸில் தூரப் பயணம் செய்யலாம். பளு தூக்குவதை மட்டும் மாதக்கணக்கில் தவிர்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: புதுப் பையைப் பழக்குவது

புதுப் பைக்கு "முட்டிக்கொண்டு வருகிறது" என்ற பழைய உணர்வு கிடையாது. கடிகாரம்தான் உணர்வு. முதலில் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி அலாரம் வைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆண்களும் உட்கார்ந்தே போவது நல்லது. அடிப்பகுதித் தசையைத் தளர்த்தி, முன்னே சாய்ந்து, வயிற்றை மெல்ல முக்கினால் வந்துவிடும். பிறகு வாரம் வாரமாக இடைவெளியை நீட்டி நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒழுகுகிறதே என்று பயந்து அடிக்கடி போய்க்கொண்டிருந்தால் பை விரியாது. 500 மி.லி.க்கு மேல் அடக்கினால் பை தளர்ந்து, முழுதாகக் காலியாகாது.

பகல் கட்டுப்பாடு பெரும்பாலோருக்கு மாதங்களில் வந்துவிடும். ராத்திரி ஒழுக்கு நீண்டநாள் இருக்கும், சிலருக்குப் போகவே போகாது. தூக்கத்தில் பை நிரம்பினால் அடைப்புத் தசையை இறுக்கச் சொல்லும் நரம்புச் செய்தி இப்போது இல்லை என்பதே காரணம். இதை முன்கூட்டியே சொல்லாமல் "பழையபடி ஆகிவிடும்" என்று மட்டும் சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். பெண்களுக்கு எதிர்ச் சிக்கலும் வரும்: சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்கிவிடுவது. அதனால் எல்லோரும், குறிப்பாகப் பெண்கள், கத்தீட்டர் விடக் கற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

பத்தாம் படி: ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு

சிறுநீரகக் குழாய் இணைப்பு சுருங்குவது பெரும்பாலும் வலியில்லாமல் நடக்கும். ஒரு சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போன பிறகு தெரிந்து பயனில்லை. நன்றாக இருக்கிறேன் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. கிரியாட்டினின், பைகார்பனேட், குளோரைடு ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பாருங்கள். பி12 இருப்பு உடலில் சில வருடம் தாங்கும் என்பதால் குறைவு தாமதமாகவே தெரியும். வருடம் ஒருமுறை அதையும் பார்க்க வேண்டும்.

குடல் வழியாக வரும் சிறுநீரில் கிருமி இருப்பது வழக்கம். காய்ச்சல், இடுப்பு வலி இல்லாமல் சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் சாப்பிடாதீர்கள். பரிசோதனைக்குப் பையில் தேங்கிய சிறுநீரைக் கொடுக்கக் கூடாது. ஸ்டோமாவுக்குள் மெல்லிய குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை: குளிரோடு காய்ச்சல், ஸ்டோமா கறுத்துப்போவது, பையில் சில மணி நேரமாகச் சொட்டுக்கூட வராமலிருப்பது, நியோபிளாடர் உள்ளவருக்குத் திடீரென்று கடும் வயிற்று வலி. கடைசியாகச் சொன்னது பை கிழிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு இவருக்குக் குடலால் ஆன பை என்று தெரியாது, சாதாரண வயிற்று வலியாகவே பார்ப்பார். எந்த வகை வழி, எந்த வருடம், எவ்வளவு குடல் எடுத்தது, எங்கே செய்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகள் சிறுநீரில் வந்து குடல் பையால் மறுபடி உறிஞ்சப்படும் என்பதால், வேறு நோய்க்கு மருந்து எழுதும் எந்த டாக்டரிடமும் அந்தச் சீட்டை முதலில் காட்டுங்கள்.